பக்கத்து வயலின்

"இருமிப்போடாதேங்கோ, தொடங்கப் போகுது," என்று கிசுகிசுத்தாள் றெஜினா.

அவள் கணவர் செபமாலை, ஞாயிறு பூசைக்குப் போடும் கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். லண்டன் இசைக்குழுவில் மகள் நிரோசாவுக்கு ஒரு வருட வேலை. இன்று அதன் கடைசிக் கச்சேரி. வயலின் சோறு போடாது என்று சண்டைபிடித்தவர், அந்த வருடம் முழுக்க அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வயலின்கள் எழுந்தன. ஏரியில் மூடுபனி இறங்குவதுபோல இசை அவரைப் போர்த்தியது. கண்ணை மூடி, அத்தனை வயலின்களுக்குள்ளும் ஒன்றை மட்டும் தேடி அலைந்தார்.

"அந்தா, அது பிள்ளை," என்றார், கனவில் பேசுபவர்போல.

முடிந்ததும் எழும்பி நின்று கைதட்டினார்.

றெஜினா வானொலியை நிறுத்திவிட்டுக் குசினி லைட்டைப் போட்டாள். யன்னலுக்கு வெளியே டென்மார்க்கின் சில்க்போர்க் நகர மழை.

சற்றைக்கெல்லாம் கைபேசி அடித்தது. ஸ்பீக்கரில் நிரோசாவின் குரல்: "அம்மா, நடுவில ஒரு இடத்தில நான் பிழை விட்டனான். கேட்டனீங்களோ?"

றெஜினா வாய் திறக்கமுன் செபமாலை பாய்ந்தார்.

"ஆர் சொன்னது? பிழை விட்டது உனக்குப் பக்கத்தில இருந்தவன்!"