கைநாட்டு

"பதினெட்டாயிரத்து அறுநூறு பாக்கி, கொத்தனாரே. வாங்கின வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்துட்டா கணக்கு தீர்ந்துச்சுன்னு பேசினது வாஸ்தவம். ஆனா, கொடுத்தது கொடுத்த மாதிரியே திரும்பி வரணும்னும் சேர்த்துத்தானே பேசினோம்?"

சொல்லிக்கொண்டே காசுக்கடைக்காரர் வெள்ளைக் கையுறைகளை விரல் விரலாக இழுத்து மாட்டினார். கொத்தனாரும் அவர் மனைவியும் கண்ணாடி மேசைக்கு எதிரே நின்றார்கள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காரச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மேசைமேல், பிளாஸ்டிக் சிமிழுக்குள் ஒரு வெள்ளிக்காசு. ஆற்றுப்பாலத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு நினைவாக அடித்தது. கடையில் கொடுத்துச் சாமான் வாங்குகிற காசு அல்ல. வைத்துப் பார்த்து மகிழ மட்டுமே அடிக்கிற 'புரூஃப்' காசு. பாலம் பனி படிந்ததுபோல் வெளுத்திருக்கும். அதற்கு மேலே வானம் முகம் பார்க்கும் கண்ணாடியாகப் பளபளக்கும்.

அந்தப் பாலத்துக்குக் கலவை சுமந்தவர் கொத்தனார். அந்த ஆசையில் போன வருடம் தவணைக்கு வாங்கிவிட்டார். பிறகு சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனது, தவணையும் நின்றது. மனைவியின் தையல் மிஷின் ஒன்றுதான் இப்போது வீட்டை ஓட்டுகிறது. அதையும் விற்க வேண்டி வருமோ என்ற பயத்தில்தான் அந்த வெள்ளிக்காசையே திருப்பிக் கொடுத்துக் கடனை முடிக்க வந்திருந்தார்கள்.

வாங்கிய அன்று நடந்ததைக் கடைக்காரர் இன்றும் விடவில்லை. தவணைச் சீட்டில் கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டினால், கொத்தனார் பேனாதான் வேண்டுமென்று அடம்பிடித்துப் பெயரை எழுத்து எழுத்தாகக் கோத்தாராம். அதற்குள் தன் டீ ஆறி ஆடை கட்டிவிட்டதாம். "கௌரவம் பார்க்கிற ஆளுய்யா நீங்க" என்று சிரித்தார்.

கொத்தனாரும் கூடவே சிரித்தார்.

கடைக்காரர் சிமிழைத் திறந்து, விளிம்பை மட்டும் பிடித்துக் காசைத் தூக்கினார். லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு பாலத்தைப் பார்த்தார், எழுத்துகளைப் பார்த்தார், விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றினார். வானத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"ரேகை பதிஞ்சிருக்கு. காசு போச்சு."

சிமிழைத் திறக்கவே இல்லை என்று மனைவி பதறினாள். கடைக்காரர் பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிதானமாக விளக்கினார். வெறும் விரலால் தொட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாது. விரலின் எண்ணெய் மெள்ள மெள்ள வெள்ளியைத் தின்னும். ஒரு வருடம் போனபின்தான் ரேகை பழுப்பாக மேலே வரும். துடைத்தால் கண்ணாடிப் பளபளப்பும் சேர்ந்து போகும். இனி இதற்கு வெள்ளி விலைதான்.

"ஒருவேளை, எங்களுக்கு முன்னாடியே யாராவது..." என்று இழுத்தார் கொத்தனார்.

"என் கையில இருந்தப்ப இதுல தூசிகூடப் பட்டதில்ல. நான் இந்தத் தொழில்ல பழம் தின்னு கொட்டை போட்டவன். சும்மா சொல்லல, கேட்டுக்குங்க. இது வலது கட்டைவிரல். நடுவுல குறுக்கா ஒரு வெட்டுத் தழும்புகூடத் தெளிவா விழுந்திருக்கு. கரணை பிடிக்கிற கைக்குத்தான் இப்படி வெட்டு விழும்."

"அப்போ ரேகை யாரோடதோ, நட்டமும் அவங்களோடது. அப்படித்தானே முதலாளி?" என்று கேட்டார் கொத்தனார்.

"அதுதான் நியாயம்."

"அதைச் சீட்டுல எழுதிருங்களேன்."

கடைக்காரர் உற்சாகமாக எழுதிக் கையெழுத்தும் போட்டார். கொத்தனார் அதை உதடசைத்து, எழுத்துக்கூட்டி, கடைசிப் புள்ளிவரை படித்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

அவள் தன் வலது கட்டைவிரலை மேசைக் கண்ணாடியில் அழுத்தி எடுத்தாள். கடைக்காரர் லென்ஸில் பார்த்தார். வரி வரியாகச் சுத்தமான ரேகை, வெட்டு இல்லை. அது அவர் எதிர்பார்த்ததுதான்.

அடுத்து கொத்தனார் அழுத்தினார்.

கடைக்காரர் குனிந்தார். நிமிர்ந்தார். லென்ஸைத் துடைத்தார். இன்னொரு முறை அழுத்தச் சொன்னார். மேசையில் ஈரப்பசையாக ஒரு வட்டம் இருந்தது. பூசி மெழுகிய தரைபோல் வழுவழுவென்று, ஒரு கோடுகூட இல்லாமல்.

"முப்பது வருஷச் சிமெண்டு, முதலாளி. பத்து விரலையும் அரிச்சுத் தின்னுடுச்சு. அடையாள அட்டை எடுக்கப் போனா மிஷினு என்னை ஆளாவே ஒத்துக்கல. கைநாட்டு வைக்க ரேகை இல்லாமப் போனதுனாலதான் நாப்பது வயசுல எழுத்தே கத்துக்கிட்டேன்."

மனைவி லென்ஸை எடுத்து மேசையின் நடுவில் வைத்தாள்.

"இனி உங்க கை ஒண்ணுதான் பாக்கி. உறையைக் கழட்டுங்க, அண்ணே."

கடைக்காரர் கழற்றவில்லை. கையுறையோடே பேனாவை எடுத்து, சீட்டின் குறுக்கே 'பாக்கி இல்லை' என்று எழுதினார். உறைக்குள்ளே, வலது கட்டைவிரலில், எப்போதோ பிளேடு குறுக்கே இழுத்த பழைய தழும்பு குறுகுறுத்தது.