சாதி இல்லாதவள்

"லில்லின்னு பேர வெச்சுக்கினு ஹரிஜன சலுகை கேக்குறியா?" நெசவுப் பயிற்சி நிலைய அதிகாரி ராஜகோபால் மனுவைத் தள்ளிவிட்டார். "ஏசுகிட்ட போயிட்டா சாதி ஏதும்மா? சர்க்கார் சட்டம் அது."

"அப்போ பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கின இடத்துல சேத்துக்குங்க சார்."

"அது குடும்பப் பொம்பளைங்களுக்கு."

முசரவாக்கத்திலிருந்து நடந்தே வந்திருந்த லில்லி, புழுவைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள். "நெசமாவே எனக்குச் சாதி இல்லியா சார்?"

"சத்தியமா இல்ல!"

அவள் நேரே போய்ப் பக்கத்தில் ஆளில்லாமல் இருந்த தறியில் உட்கார்ந்து, பாதி நெய்திருந்த கூறைப்புடவையைத் தடவினாள்.

"ஏய் சேரிக்காரி! கைய எடு! கல்யாணப் புடவை தீட்டாயிடும்!" ராஜகோபால் கத்தினார்.

மற்ற தறிகளெல்லாம் நின்றுவிட்டன.

"இத்தினி பேர் கேட்டாங்க சார்," என்றாள் லில்லி, எழுந்திருக்காமலே. "இப்ப கத்துனத அப்படியே மனுவில எழுதிக் கையெழுத்துப் போடுங்க."