பதினைந்தாவது பெயர்

“நாலு போதும். அஞ்சாவது வேண்டாம். இதை எத்தனை தடவைடா சொல்றது?”

இங்க்ரிட் கேட்டது மகனிடம். நோலன் தன் பூட்ஸிலிருந்த பனி உருகித் தரைவிரிப்பில் குளம் கட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். மேசைக்கு அந்தப் பக்கம் பள்ளியின் ஆலோசகர் ஓடெல். அவர் முன்னால் அடுத்த வருடத்துக்கான நோலனின் பாடப் படிவம். அதில் பெற்றவர் கையெழுத்துப் போட்டு மாலை மூன்று மணிக்குள் கொடுத்துவிட வேண்டும்.

பிப்ரவரி பிறந்தால் அமெரிக்காவின் மினசோட்டாவில் பனிக்கு அடுத்தபடியாகக் குவிவது இந்தச் சண்டைதான். பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்துகிற ஏ.பி. பாடங்களில் பிள்ளை எத்தனை எடுப்பது? வழக்கமாக அம்மா ஆறு என்பாள், பிள்ளை மூன்று என்று அழும், ஓடெல் நடுவில் கிடந்து திண்டாடுவார். இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது.

“கால்குலஸ், உயிரியல், வரலாறு, ஆங்கிலம். நாலுக்கும் நான் சரின்னுட்டேன்,” என்றாள் இங்க்ரிட். “இதுக்கு மேல லத்தீன் எதுக்கு? ரெண்டு வருஷம் படிச்சே. அந்தப் புத்தகத்தைக் கண்டாலே காத தூரம் ஓடினே. விட்டது சனியன்னு போன வருஷம் குதிச்சது நீதானே?”

“இப்பப் பிடிச்சிருக்கு.”

“எப்பலேர்ந்து?”

“போன வாரத்துலேர்ந்து.”

இங்க்ரிட் தலையில் கைவைத்துக்கொண்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவசரமாக ஓடி வந்திருந்தாள். வேலைக்குத் திரும்ப இன்னும் பதினைந்து நிமிடம்தான் இருந்தது. மடியிலிருந்த சாண்ட்விச்சைப் பிரிக்கக்கூட இல்லை.

“ஓடெல், நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லுங்க.”

ஓடெல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எடுத்துக்கட்டுமே. ஒரு பாடம்தானே.”

“ஒரு பாடம்தானேவா? போன வாரம் பெற்றோர் கூட்டத்துல, பிள்ளைங்களைத் தூங்க விடுங்க, நாலுக்கு மேல போகாதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தினது யாரு? உங்க தம்பியா?”

துடைத்த கண்ணாடியை அவர் மறுபடியும் துடைத்தார். இவரை நம்பிப் பயனில்லை என்று இங்க்ரிட் மகனிடமே திரும்பினாள்.

“ஜனவரியில நடந்தது மறந்துபோச்சா? ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வீட்டுப்பாடம். காலையில அஞ்சு மணிக்கு ஐஸ் ஹாக்கிப் பயிற்சி. காரை ஓட்டிக்கிட்டே தூங்கிட்டே. பக்கத்து வீட்டுத் தபால் பெட்டியில மோதித்தான் கார் நின்னுச்சு. பெட்டி இருந்த இடத்துல அந்த வீட்டுக் குழந்தை நின்னிருந்தா? இல்ல, உனக்கே ஏதாவது ஆகியிருந்தா?”

“சரி, ஹாக்கியை விட்டுடறேன்.”

நடக்கப் பழகின கையோடு ஸ்கேட் கட்டிக்கொண்டவன் அவன். காய்ச்சலில்கூட மட்டையைக் கட்டிக்கொண்டு தூங்கியவன். இங்க்ரிட்டுக்குக் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது.

“அந்த வகுப்புல அப்படி என்னடா இருக்கு?”

“தெரிஞ்சவங்க ஒருத்தங்க இருக்காங்க.”

பதினேழு வயதில் ஒரு பையன் இப்படிச் சொன்னால் அது யாராக இருக்கும் என்று கேட்க வேண்டியதில்லை. அவன் காது வேறு சிவந்து கிடந்தது. ஓடெல் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே விழும் பனியை ஆராயத் தொடங்கினார்.

இங்க்ரிட் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“இருந்தா இருக்கட்டும். அவங்க பாட்டை அவங்க பாத்துக்குவாங்க. அதுக்காக நீ உன் தூக்கத்தையும் உயிரையும் குடுக்கணும்னு யாரும் கேக்கலை.”

“கேக்க மாட்டாங்க. அதான் நானே பண்றேன்.”

“பெரிய தியாகி. படிவத்தைக் கொடு இப்படி.”

“அம்மா, வேண்டாம்மா.”

அவள் கைப்பையைத் துழாவிச் சிவப்புப் பேனாவை எடுத்தாள். ‘லத்தீன்’ என்ற வரியின் மேல் ஒரு கோடு கிழித்தாள். போதாது என்று இன்னொரு கோடும் கிழித்தாள். கீழே கையெழுத்தைப் போட்டுப் படிவத்தை ஓடெல் பக்கம் தள்ளினாள். நோலன் தொப்பியை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டான். அழுகிறான் என்று தெரிந்தது.

“இன்னிக்கு ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கறே. ஹாக்கியை விட்டேன்னு இன்னொரு தடவை சொன்னே, மட்டையாலேயே அடிப்பேன். போ.”

அவன் எழுந்து போனான். அவன் கதவைச் சாத்துகிறவரை காத்திருந்த ஓடெல், இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். லத்தீனுக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியல் அது.

“இவனையும் சேர்த்தாத்தான் பதினஞ்சு, இங்க்ரிட். அதுக்கு ஒண்ணு குறைஞ்சாலும் வகுப்பையே ரத்து பண்ணிடுவாங்க. போன வருஷம் ஜெர்மன் வகுப்பை ரத்து பண்ணினப்போ அந்த வாத்தியாருக்கு வேலையே போனது உங்களுக்குத் தெரியாதா?”

மணி அடித்தது. இங்க்ரிட் பிரிக்காத சாண்ட்விச்சையும் சிவப்புப் பேனாவையும் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

“பேரையெல்லாம் நான் காலையிலேயே எண்ணிட்டேன், ஓடெல்,” என்று சொல்லிவிட்டு, எதிர் அறையில் காத்திருந்த பிள்ளைகளுக்கு லத்தீன் நடத்தப் போனாள்.