இருந்ததில் பெரியது

குதிகால் வெளியே நின்றது.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி, கடைக்குள் நடப்பதற்குக் கொடுத்த துணிச்செருப்பு அது. அதுவே அவளுக்குப் பற்றவில்லை. பனியில் சறுக்கும் பூட்ஸ் எங்கே பற்றப்போகிறது?

கடைக்காரர் ஒரு தகட்டில் அவள் பாதத்தை வைத்து அளந்தார். சந்தேகத்துடன் மறுபடி அளந்தார். பிறகு இரண்டு கைகளையும் பெருக்கல் குறிபோல் நெஞ்சுக்கு முன்னால் வைத்துக் காட்டினார்.

ஜப்பானில் "இல்லை" என்பதை அப்படித்தான் சொல்வார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள்.

பெண்கள் அளவில் கிடையாது. ஆண்கள் அளவில் பெரியதையெல்லாம் காலையிலேயே ஒரு வெள்ளைக்காரக் கூட்டம் வாடகைக்கு எடுத்துப் போய்விட்டது. இதைக் கைப்பேசியிடம் பேசி, அது தமிழில் எழுதியதைக் காட்டினார். காலி அலமாரியையும் காட்டினார். தன் குற்றம்போலத் தலை குனிந்தார்.

குற்றம் அவள் காலுடையது.

தூத்துக்குடியில் எந்தக் கடையில் ஏறினாலும் அவளுக்கு ஆம்பளைச் செருப்புதான். மாமியார் இருந்தவரை, "முறம் வருது, வழி விடுங்க" என்பார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டால் பாதி வலி போய்விடும்.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் வீட்டுக்காரர் பக்கத்துப் பெஞ்சில் இருந்தார். பூட்ஸ் மாட்டித் தயாராக. அவருக்குச் சின்ன அளவே போதுமானதாக இருந்தது. உடம்போடு காலும் இளைத்துவிட்டது.

உப்பளத்தில் மேஸ்திரி. ஆயுசு முழுக்க வெள்ளைக் குவியல்களுக்கு நடுவே வெயிலில் நின்ற மனிதர். வெள்ளையாகவும் இருக்கணும், குளிரவும் செய்யணும், அப்படி ஒரு இடத்தில் ஒருதரம் சறுக்கிப் பார்த்துவிடணும் என்பார். அவர் வயதில் மற்றவர்கள் காசிக்குப் போக ஆசைப்படுவார்கள். இவருக்கு இந்தக் கிறுக்கு.

ஊர் திரும்பியதும் அவருக்கு ஆப்பரேஷன்.

வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்றிருந்தார் டாக்டர். அவரிடம் பனி பார்க்கப் போகிறோம் என்றுதான் சொன்னார்கள். சறுக்குவதைப் பற்றி மூச்சு விடவில்லை. மகளுக்கும் நோயைப் பற்றிப் பாதிதான் தெரியும். அவள் வெளியே டிக்கெட் வரிசையில் நிற்கிறாள்.

கடைக்காரர் உள்ளே போய் ஒரு ஜோடியோடு வந்தார். இருந்ததில் அதுதான் பெரியதாம்.

கால் நுழைந்தது.

கொக்கியை இறுக்கியதும் உயிரே போயிற்று. விரலில் கிடந்த மெட்டி எலும்பில் ஏறியது.

கடைக்காரர் பூட்ஸை உருவி, காலுறைக்கு மேலேயே தடவிப் பார்த்தார். மெட்டி தட்டுப்பட்டது. முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. தன் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றுவதுபோலச் செய்து காட்டினார். இவ்வளவுதானா விஷயம் என்பதுபோல.

அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"நா வரல. நீங்க போய்ட்டு வாங்க."

அவர் குனிந்து தன் பூட்ஸின் கொக்கியைத் தளர்த்த ஆரம்பித்தார். அவள் வராவிட்டால் அவரும் இல்லை. இதற்காகவா கடல் தாண்டி வந்தது?

அவளுக்குத் தன்மேல் ஆத்திரமாக வந்தது.

ராகுகாலம், பூனை, ஒற்றைத் தும்மல், எதையும் சட்டை பண்ணாதவள் அவள். டாக்டர் சொன்ன நாளிலிருந்து எல்லாவற்றையும் சட்டை பண்ணினாள். விளக்கு அணைந்தால் நெஞ்சு பதறியது. இந்த நேரத்தில் மெட்டியைக் கழற்றினால் அவர் பிழைக்க மாட்டார். அப்படித்தான் நம்பினாள். படித்தவள்தான். பயம் வந்த பிறகு படிப்பு எந்த மூலைக்கு?

அவர் கொக்கியை விட்டுவிட்டார்.

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கித் தரையில் முட்டி போட்டார். அந்த விறைத்த பூட்ஸோடு அது லேசில்லை. ஒரு கை வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது. மறுகையால் அவள் காலுறையை உருவினார்.

"வேண்டாங்க. இப்பம் வேண்டாம்."

உதட்டு வெடிப்புக்கு வைத்திருந்த வாசலினைப் பையிலிருந்து எடுத்தார். விரலைச் சுற்றித் தடவினார். கணு தடித்து, மெட்டி அசையாமல் கிடந்தது. திருகினார். பொறுமையாக, பிள்ளைக்கு முள் எடுப்பதுபோல.

நிமிரவில்லை. அவள் காலிடம்தான் பேசினார்.

"போட்டது நாந்தான, வடிவு? நானே கழட்டிருதேன். நாளைக்கு நாலு பேரு சுத்தி நின்னு பிடுங்க வேண்டாம்."



ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று இத்தனை நாளும் அவளைத் தேற்றியவர் இவர்தான். ராத்திரியில் அவள் விசும்பினால் அதட்டியவரும் இவர்தான்.

மெட்டி கணுவைத் தாண்டி வந்துவிட்டது. இருந்த இடத்தில் தோல் வெளுத்து, ஒரு பள்ளம்.

அவள் அழுதாள். கடைக்காரர் வலிக்கிறதென்று நினைத்துக்கொண்டு பஞ்சு எடுக்க ஓடினார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மகள் டிக்கெட்டை ஆட்டிக் காட்டி, வாங்க வாங்க என்றாள். அவளுக்குப் பின்னால் மலை முழுவதும் வெள்ளை.

அவர் இன்னும் முட்டி போட்டபடியே இருந்தார். உள்ளங்கையை விரித்து, அவசரப்படுத்தாமல்.

அவள் மற்ற காலையும் நீட்டினாள்.