ஒரு மூட்டை கொண்டு வரவும்

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கே பேர். வீட்டுக்காரர் ரெஷாத் கபெதானோவிச். உள்ளறையில் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடந்த அவர் மனைவி நஃபீயா. பழைய பெலட் அடுப்பை விலைக்குப் பார்க்க வந்த எல்விர். அவனுடைய மாமனார் ஹூசோ. ஐந்தாவது ஆள் அங்கே கிடையாது. ஆகவே இதைப் பற்றி வேறு யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

"நீங்க சொன்னபடி ஒரு மூட்டை பெலட் கொண்டாந்துட்டேன் ஐயா." எல்விர் தோளிலிருந்து மூட்டையை இறக்கினான். மரத்தூளை அழுத்திச் செய்த பென்சில் தடிமன் குச்சிகள் உள்ளே சலசலத்தன.

எரித்துப் பார்க்காமல் பழைய அடுப்பை வாங்குகிறவன் போஸ்னிய மலைப்பக்கம் எவனும் இல்லை. எரிக்க வேண்டிய பெலட்டை வாங்க வருகிறவனே கொண்டு வருவதுதான் முறை என்று ரெஷாத் போனிலேயே சொல்லியிருந்தார்.

அவர் அவசரமாக அடுப்பின் மேல்மூடியைத் திறந்தார். எழுபது தாண்டியும் முதுகு வளையாத மனிதர். உள்ளறையில் நஃபீயா விடாமல் இருமிக்கொண்டிருந்தாள். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, இனி ஓர் இரவு இந்தக் குளிரில் கிடந்தாலும் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று எப்படியாவது காரியம் நடந்தாக வேண்டும்.

எல்விர் இரண்டு கை அள்ளிப் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"அது பத்தாது," என்றார் ரெஷாத். "மொத்தத்தையும் கொட்டுங்க தம்பி. உள்ள இருக்கிற திருகு பெலட்டை ஒழுங்கா இழுக்குதான்னு அப்பத்தான் தெரியும்."

"கொட்டுடா, கொட்டு," என்றார் ஹூசோ. "குதிரை வாங்க வந்தவன் வாலை மட்டும் தடவிப் பாத்துட்டா போவான்?"

மூட்டை காலியானது. விசிறி முனகியது, வெகுநேரம் புகையுமில்லை, நெருப்புமில்லை. ரெஷாத் மூச்சுவிட மறந்து நின்றார். பிறகு கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சுடர் எழுந்து நின்றது. அவர் உள்ளறைக் கதவை அகலத் திறந்து வைத்தார்.

"கடைசி அறை வரைக்கும் சூடு போகுதான்னு நீங்களே பாருங்க."

எல்விர் அடுப்பு எரியும் வேகத்தைக் கூட்டப் போனான். ரெஷாத் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம், குறைச்சலாவே இருக்கட்டும். அதுலயே வீடு சூடாயிடும், அதுதான் இதோட அருமை."

ஹூசோ கூடத்தைச் சுற்றி வந்தார். மூலையில் மடித்து அடுக்கிய காலி மூட்டைகள் கிடந்தன. ஒன்று பச்சை, ஒன்று நீலம், ஒன்று மஞ்சள்.

"என்ன பெரியவரே, மூட்டைக்கு ஒரு கம்பெனியா இருக்கு? உங்க அடுப்புக்கு நாக்கு ரொம்ப நீளமோ?"

"எது நல்லா எரியுதுன்னு பாக்க வேண்டாமா?" என்றார் ரெஷாத், சுவரைப் பார்த்துக்கொண்டு.

ரெஷாத் காப்பி கொண்டு வந்தார். கூடவே ஆளுக்கு ஒரு சர்க்கரைக் கட்டி. காப்பி தண்ணீராக இருந்தது. கிண்ணம் வெள்ளியில் இருந்தது. ஒரு மணி நேரத்தில் விருந்தாளிகள் கோட்டைக் கழற்றினார்கள். உள்ளறையில் இருமல் அடங்கியிருந்தது.

"அருமையா எரியுதே ஐயா! இதை வித்துட்டா அம்மா குளிருக்கு என்ன பண்ணுவாங்க?"

"மகன் ஜெர்மனியில இருக்கான். புதுசு அனுப்புவான்."

நஃபீயா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப முடிச்சுக்கலாம்," என்றான் எல்விர். "என் மெக்கானிக் ஷெட்டுக்குத்தான். அறுநூறு மார்க் சொன்னீங்க. நான் பேரமே பேசல." பணத்தை மேசைமேல் வைத்தான்.

ரெஷாத்தின் முகம் வெளுத்தது. அந்தப் பணத்தையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஹூசோ சும்மா இருந்திருக்கலாம். "காலத்தைப் பாரு மாப்ளே! ஊரையே ஆண்ட குடும்பத்து அடுப்பு, நம்ம கிரீஸ் ஷெட்டுல வந்து குந்தப் போகுது!"

ரெஷாத் விருட்டென்று எழுந்தார். "என்ன சொன்னீங்க?"

"அட, வேடிக்கைக்குச் சொன்னேன்."

"என் வீட்டுக் காப்பியைக் குடிச்சுக்கிட்டு என் பாட்டன் பேரை இழுப்பீங்களா? கபெதானோவிச் வீட்டு நெருப்பு கிரீஸ் நாத்தத்துல எரியாது. பணத்தை எடுங்க. எழுந்திருங்க."

"மாமா பேசினதுக்கு நான் மன்னிப்புக் கேக்கறேன் ஐயா. ஐம்பது சேத்துத் தரட்டுமா?"

"ஐயாயிரம் தந்தாலும் கிடையாது. வெளிய போங்க!"

வாசலில் எல்விர் தயங்கினான். "நம்ம பெலட்டு..."

"கொதிக்கிற அடுப்புக்குள்ள கைய விட்டு அள்ளப் போறியா? வாடா. திங்கச் சோறில்லைன்னாலும் இதுகளுக்குத் திமிரு மட்டும் குறையாது." ஹூசோ மருமகனை இழுத்துக்கொண்டு பனியில் இறங்கினார்.

கார்ச் சத்தம் தேய்ந்து மறைந்தது. ரெஷாத் காலி மூட்டையை உதறி, நான்காக மடித்து, மற்றவற்றின் மேல் வைத்தார். இது வெள்ளை.

"பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமே," என்றாள் நஃபீயா.

"கபெதானோவிச் யாருகிட்டயும் கை நீட்ட மாட்டான். பெத்த பிள்ளையா இருந்தாலும்."

அவள் பெருமூச்சு விட்டாள். "நம்ம அடுப்பை விக்கிறோம்னு ஊர் முழுக்கப் பேச்சாம். அடுத்த வீட்டு செனாதா வந்து துக்கம் விசாரிச்சுட்டுப் போறா."

ரெஷாத் நாற்காலியை அவள் கட்டிலருகே இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"சுத்தப் பொய். அடுப்பை யாரும் விக்கல. நாளைக்கு வர்றவனை ரெண்டு மூட்டையா கொண்டாரச் சொல்லியிருக்கேன்."