நாலு மணிக்கு நிற்கும் வாட்ச்

"அச்சு அசலா இதே மாதிரி இருக்கணும், ஐசக். மாத்துனது வெளிய தெரியவே கூடாது."

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த வாட்ச் கடையில், வேதகிரி ஒரு கர்ச்சீப்பைப் பிரித்தார். உள்ளே டிராக்டர் சக்கரம் ஏறி அப்பளமாகிப் போன ஒரு கைக்கடிகாரம்.

ஐசக் லென்ஸைக் கண்ணில் செருகிப் பார்த்துவிட்டுப் பதறிப் போனான்.

"அண்ணா, இது அந்தக் காலத்து ஸ்விஸ் வாட்ச்! இந்த மாடல் இப்பல்லாம் கண்ணால பாக்கறதே அபூர்வம். இதப் போயி..."

"அதான் இன்னொண்ணு செய்யச் சொல்றேன். எங்க ஊர்ல ஏரித் தண்ணி முறைக்கு இந்த வாட்ச்தான் கணக்கு. எங்க தாத்தா ஊருக்குக் குட்த்தது. தண்ணி திருப்புற கன்னியப்பன் இத்தக் கட்டிக்கினு நிப்பான். இதுல அஞ்சு மணின்னா ஊருக்கே அஞ்சு மணி."

"எல்லார் கையிலயும் செல்போன் கீதே?"

"செல்போனை எவன் நம்புவான்? டவர் இல்லேன்னா அது இஷ்டத்துக்கு ஒரு டைம் காட்டும்."

வேதகிரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொரு விசயம். சாயங்காலம் நாலு மணியத் தாண்டுனா இது நின்னுடும். அரை மணி கழிச்சி கன்னியப்பன் ஒரு தட்டு தட்டுனா மறுபடி ஓடும். புதுசும் அப்படியே நிக்கணும்."

"நிக்கற மாதிரி வாட்ச் செய்யணுமா?"

"ஆமாம்ப்பா. ஏரி தொறக்கறதுக்குள்ள குடு."

அவர் தலை மறைந்ததும் ஐசக்குக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஊரில் பெரிய பண்ணைக்காரர். நாலு மணி முறை இவருடையதாகத்தான் இருக்கும். வாட்ச் நின்றால் இவர் வயலில் அரை மணி கூடுதலாகத் தண்ணீர் பாயும். அடுத்த முறைக்குக் காத்திருக்கிற ஏழையின் பயிர் காயும். நெற்றி நிறைய நாமம் வேறு. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஐசக் எதில் வேண்டுமானாலும் விட்டுக் கொடுப்பான், நேரத்தில் மட்டும் பொய் சொல்ல மாட்டான். டவுன் பஸ் டிரைவர்களே அவன் கடைக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் வண்டி எடுப்பார்கள்.

ஆனால் வேலை என்று வந்தால் அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். சென்னைக்கு அலைந்து, பழைய வாட்சுகளில் இருந்து சக்கரம் சக்கரமாகப் பொறுக்கி வந்தான். லேத் பட்டறையில் கூடவே உட்கார்ந்து கூடு கடைந்து வாங்கினான். டயலில் எண்களை எழுதி, டீத்தண்ணீரில் பழுப்பு ஏற்றினான். பழைய கீறலைக்கூட விடவில்லை. முடித்துப் பார்த்தபோது, டிராக்டர் ஏறியதே பொய்யோ என்று தோன்றியது.

ஒன்றை மட்டும் செய்யவில்லை. நாலு மணிக்கு நிற்க வைக்கவில்லை.

வாட்சை வாங்கிய வேதகிரி கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஐசக் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

ஏரி திறந்ததும், ஒருநாள் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு, சாலவாக்கம் பக்கத்தில் இருந்த அந்த ஊருக்கு வண்டியை விட்டான். வேதகிரியின் முகத்தில் அசடு வழிவதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா?

கால்வாய்க் கரையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஆனால் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது கடைக்கோடியில் ஒரு துண்டு நிலத்துக்கு. புடவையை வரிந்து கட்டிய ஒரு பெண், மண்வெட்டியோடு அங்கே ஒண்டியாக நின்றிருந்தாள். பாதி வயல்கூட நனையவில்லை.

கன்னியப்பன் வாட்சை உதறினான். காதில் வைத்தான். உள்ளங்கையில் தட்டினான். டவுன் கடையில் பார்த்திருந்த ஐசக்கைக் கண்டதும் ஓடி வந்து காதைக் கடித்தான்.

"இன்னாப்பா வாட்ச் செஞ்சிக் குட்த்த? ரிப்பேரு!"

"இன்னா ரிப்பேரு?"

"நிக்க மாட்டேங்குது! பாட்டுக்கு ஓடிக்கினே கீது! அஞ்சு ஆவப் போவுது!"

"யாரு அந்தம்மா?"

"எல்லம்மாக்கா. அவங்க முறை நாலுல இருந்து அஞ்சு. கடைமடை, தண்ணி போய்ச் சேரவே அரை மணி ஆயிடும். வூட்டுக்காரரு போனப்புறம் ஒண்டியா பயிர் வெக்கிறாங்களேன்னு ஒரு வருசம் கூடக் கொஞ்சம் தண்ணி வுட்டோம். 'பிச்சைத் தண்ணி எனக்கு வாணாம்'னு மடைய அடைச்சிட்டுப் போயிட்டாங்க. பாதி நாத்து காஞ்சே போச்சி." கன்னியப்பன் பெருமூச்சு விட்டான். "அந்த வருசத்துல இருந்துதான் வாட்ச் நாலு மணிக்கு நிக்க ஆரம்பிச்சிது."

ஐசக்குக்குச் சுரீர் என்றது. சுற்றிலும் பார்த்தான். எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் துருத்திக்கொண்டிருந்தது. ஒருவர் கையும் அந்தப் பக்கம் போகவில்லை.

"குடு இப்படி."

வாட்சை வாங்கி, சாவியை இழுத்து, முள்ளை அரை மணி பின்னால் தள்ளினான்.

"நாளைக்குக் கடைக்கு எடுத்துக்கினு வா. ரிப்பேர சரி பண்ணித் தரேன்."

அதற்குள் எல்லம்மாள் நிமிர்ந்துவிட்டாள். "யோவ் கன்னியப்பா! டைம் ஆயிடுச்சின்னா சொல்லு, மடைய அடைச்சிடறேன். அடுத்தவங்க தண்ணி எனக்கு வாணாம்!"

"நாலரைதான் ஆவுதுக்கா! வாட்ச் கடைக்காரன் சொல்றேன், நிதானமா பாய்ச்சுங்க!" என்று கத்தினான் ஐசக். நேரத்தில் அவன் சொன்ன முதல் பொய். நாக்கு கூசும் என்று பார்த்தான், இனித்தது.

"ஆமா, இந்த அரை மணி யார் முறைல இருந்து போவுது?" என்று கன்னியப்பனிடம் மெதுவாகக் கேட்டான்.

கன்னியப்பன் வாயைத் திறப்பதற்குள், பக்கத்து வயல் வரப்பில் இருந்து ஒரு குரல் வந்தது. தண்ணீருக்குக் காத்துக் கிடந்த தன் நிலத்தின் எதிரே உட்கார்ந்திருந்த வேதகிரி, மணி ஐந்து காட்டிய செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டே கேட்டார்:

"இன்னாப்பா கன்னியப்பா, என் முறைக்கு இன்னும் ரொம்ப நேரம் கீதா?"