வானத்தின் தாய்மாமன்

தேரை பல்லைக் கடித்தால் மழை வரும் என்பது வியட்நாமில் குழந்தைக்கும் தெரிந்த கதை. வானத்துக்கே அதிபதியான ஓங் த்ரோய்க்குத் தேரை தாய்மாமனாம். மழை இயந்திரத்தைச் செய்த புண்ணியவான்கள் அதையே சட்டமாக்கி, இயந்திரத்துக்கும் ஓங் த்ரோய் என்றே பெயர் வைத்துத் தொலைத்தார்கள். எங்கே தேரை பல்லைக் கடிக்கிறதோ, அங்கேதான் மழை.

தியெப்பின் வயலில் தேரையே இல்லை. நோஞ்சானாய்க் கிடந்த மகளுக்குத் தேரைக் கஞ்சி கொடுத்துத்தான் அவள் உடம்பைத் தேற்றியிருந்தாள். கடைசித் தேரையும் போன மாதம் பானைக்குள் போய்விட்டது.

தேரை பல்லைக் கடிக்கும் சத்தத்தின் பதிவை வரப்பில் போட்டுப் பார்த்தாள். "இது பதிவு. ஏற்க இயலாது" என்றது வயலோரக் கம்பத்திலிருந்து இயந்திரத்தின் குரல்.

"நாத்து கருகுதே, உன் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

"தேரை இருந்தால் தெரிவியுங்கள்."

"அதுகூட என்னத்துக்கு மல்லுக்கட்டுறே? சாப்பிட வா" என்று புருஷன் லாம் கூப்பிட்டான்.

"நீங்க சும்மா இருங்க!" என்று எரிந்து விழுந்தபடி வீட்டுக்கு வந்தாள்.

பாயில் மகள் மதியத் தூக்கத்தில் இருந்தாள். தூக்கத்திலேயே நறநறவென்று பல்லைக் கடித்தாள். உடனே கூரைமேல் சடசடவென்று மழை கொட்டியது. எட்டிப் பார்த்தால் வயலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

தியெப் மகளை அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். மகள் தூக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்க, மழையும் தலைக்குமேலே கூடவே வந்தது. வரப்பில் ஏறியதும் வெடித்த மண்ணில் நாலு சொட்டு விழுந்தது.

முகம் நனைந்த மகள் கண்விழித்தாள்.

"அம்மா, மழை!" என்று வாய்கொள்ளாமல் சிரித்தாள்.

மழை நின்றுவிட்டது.